அரக்குக் கரை வேட்டி

எங்கள் ஆராய்ச்சிக்குக் கல்லூரிப் பேராசிரியை மேடம் வைத்த பெயர் ‘உழைக்கும் பெண்களுக்கான காப்புத் துணி வடிவமைப்பு’. கேட்க எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது பாருங்கள். அது என்ன துணி, உடம்பில் எங்கே கட்டுவது என்று யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், என் வாயில் கொழுக்கட்டை அடைத்துக்கொள்ளும். மாதவிலக்கு நாட்களில் வயலுக்கும் காட்டுக்கும் வேலைக்குப் போகிற பெண்கள் கட்டிக்கொள்ளும் துணி. துவைத்துத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொள்ளும்படியான துணி. இன்று எழுதிவிட்டேன். எண்பதுகளின் தொடக்கத்தில், படவேட்டுப் பக்கத்துக் கரும்புக்காரர் ஒருவரின் மகளாக, இதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் உரக்கச் சொல்லியிருக்க முடியாது.

அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பட்டணத்துப் பெண்கள் கல்லூரியில் என்னை மேல்படிப்புக்குச் சேர்ப்பதற்காகச் சொந்த அண்ணனோடு சண்டை போட்டவர் அவர். “வயசுப் பொண்ண அவ்ளோ தூரம் அனுப்புற. நாளைக்கு ஊரு சிரிச்சா இன்னா பண்ணுவ?” என்று பெரியப்பா கேட்டார். நைனா என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஊர்ல உன்னப் பத்தி ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னிக்கே பொட்டியக் கட்டிக்கினு வூட்டுக்கு வந்துடணும். சரியாம்மா?” சரி என்றேன். அந்தச் சரியின் மேல்தான் என் படிப்பு முழுவதும் நின்றுகொண்டிருந்தது.

என்ன ஆராய்ச்சி என்று அவர் கேட்டபோது, “துணியப் பத்தி நைனா. வேலை செய்றவங்களுக்குப் பாதுகாப்பா இருக்கிற துணி” என்றேன். பொய் சொல்லவில்லையே! அவர் அதை அப்படியே டீக்கடைக்குத் தூக்கிப்போய், என் பொண்ணு மிலிட்டரிக்குத் துணி கண்டுபிடிக்கிறா என்று பரப்பிவிட்டார். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது பால்காரர் வண்டியை நிறுத்தி, “குண்டு பாயாதாமே, நெசமாம்மா?” என்று கேட்டார். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சிரித்து மழுப்பிவிட்டு வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.

கல்லூரியில் நாங்கள் முதலில் மில் துணியைத்தான் வெட்டினோம். புதுத் துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், அது உள்ளே இறங்காமல் உருண்டை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நூலில் ஏற்றிய கஞ்சியும் பஞ்சில் இருக்கும் மெழுகும் போகிறவரை புதுத் துணி ஈரத்தைக் குடிக்காது. ஆண்டுக்கணக்கில் கல்லில் அடிபட்டு நைந்த பழைய வேட்டியோ, சொட்டு விழுந்த உடனே உறிஞ்சிக்கொண்டது. மேடம் உற்சாகமாகிவிட்டார். “எல்லாரும் வீட்டுலேர்ந்து பழைய வேட்டி கொண்டு வாங்கடி” என்று வகுப்பே அதிரும்படி சொன்னார். அந்த அம்மாளுக்குக் கூச்சம் என்பது கிடையவே கிடையாது.

நான் நைனாவின் கிழிசல் வேட்டிகளைக் கொண்டுபோனேன். கரி துடைக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். நைனா கட்டுவது எப்போதும் ஒரே கரை. அரக்கு நிறத்தில், நடுவில் இரட்டை மஞ்சள் கோடு ஓடும். அந்தக் கரை கெட்டியாக நெய்யப்பட்டிருந்ததால் துணியே நைந்த பிறகும் அது மட்டும் திடமாக இருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. துணியின் இரண்டு முனைகளிலும் கரையை மடித்துக் காதுபோல வைத்துத் தைத்தேன். இடுப்பு நாடாவை அதற்குள் நுழைத்துக் கட்டினால் ஊக்கு வேண்டாம், குனிந்து நிமிர்ந்தாலும் நழுவாது. மேடம் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுதான்டி டிசைன்” என்றார். அன்று ராத்திரி சாப்பாடே இறங்காத அளவுக்குச் சந்தோஷம் எனக்கு.

கட்டிப் பார்த்துச் சொல்ல ஆட்கள் வேண்டுமே. மலையில் நாளெல்லாம் ஏறி இறங்கி வேலை செய்யும் பெண்கள் கட்டிப் பார்த்தால்தான் சரி என்று மேடம் ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்தார். நான் அந்தப் பக்கத்துப் பெண் என்பதால் என்னை அனுப்பினார். வேறு மலை கிடையாதா என்று கேட்டுப் பார்த்தேன். மலை ஏறினால் ஜமுனாமரத்தூர், இறங்கினால் போளூர், அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் ஊர். நைனா மட்டும், “நம்ம பக்கத்துலயே வந்துட்டியே” என்று பூரித்துப்போனார்.

ஐப்பசி மாதம். சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு நடை தள்ளியிருந்த ஊரின் பள்ளிக்கூடத்துப் பின்னறையில் தங்கினேன்; அதனாலேயே எல்லாருக்கும் நான் டீச்சர். அந்த ஊரில் விலக்கான பெண்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஊருக்கு வெளியே, சாமைக் கொல்லைக்கு ஓரமாக, அவர்களுக்கென்று ஒரு குடிசை. அந்த நாட்கள் முடிகிறவரை அங்கேதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். அங்கிருந்தபடியே கொல்லையில் அறுப்பு வேலையும் செய்வார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். வேறு பெண்கள் யாராவது குடிசைக்குள் போனால் ஓடையில் குளித்துவிட்டுத்தான் ஊருக்குள் திரும்ப வேண்டும்.

ஆகவே என் ஆராய்ச்சிக்கூடம் அந்தக் குடிசைதான். தினமும் போவதும் ஐப்பசிக் குளிரில் ஓடையில் முழுகிவிட்டு வருவதுமாக இருந்தேன். அங்கே ஓர் அக்கா. கணவனும் பிள்ளைகளும் சாமைக் கொல்லையும் உள்ளவர், நாலு பேரைச் சிரிக்கவைக்காமல் ஒரு பேச்சும் பேச மாட்டார். என் துணியை முதலில் கட்டிப் பார்த்தவர் அவர்தான். அடியில் கறை இறங்காமலிருக்க மழைக்கோட்டுத் துணி வைத்துத் தைத்த ஒன்றைக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போய்வந்தவர், “நடந்தா சரசரன்னு கீது டீச்சர். பாம்பு பின்னாடியே வருதோன்னு ரெண்டு தபா திரும்பிப் பாத்தேன்” என்றார். குடிசையே உருண்டு சிரித்தது. மழைக்கோட்டுத் துணியை அன்றே பிரித்தெடுத்தேன்.

கரைக்காது வைத்த துணி அவர்களுக்குப் பிடித்துப்போனது. துவைத்து, குடிசை வேலியில் வரிசையாக, பட்டப்பகலில், வெயில் வந்த நேரமெல்லாம் காயப்போட்டார்கள். வெயிலில் காயவைக்க வேண்டும், ஈரத்தோடு கட்டக்கூடாது என்று நான்தான் பாடம் எடுத்தேன். எடுக்கத் தேவையே இருக்கவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் அங்கே?

பாடம் எடுத்தவளின் லட்சணத்தைக் கேளுங்கள். நடுவில் எனக்கும் விலக்கு வந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கொடியில் துணியைப் போட்டு, அதன்மேல் பாவாடையைப் போட்டு, அதன்மேல் துண்டையும் போட்டு மூடினேன். வயதுக்கு வந்த நாளிலிருந்து அம்மா பழக்கிய வழக்கம் அது. வெளியே விடாத தூறல். எங்கே காயும்? ஈரத்தையே எடுத்துக் கட்டினேன். தொடை இரண்டும் புண்ணாகி, கால் அகட்டாமல் நடக்க முடியவில்லை. குடிசை வாசலில் நான் வந்து நின்றதைப் பார்த்ததும் அக்கா அறுவாளைக் கீழே வைத்துவிட்டார்.

“இன்னா டீச்சர், நடையே ஒரு தினுசா கீது?”

“ஒண்ணுமில்லக்கா. கல் இடறிடுச்சு.”

“கல்லு கால்லதான இடறும்?” என்றார். பிறகு குரலைத் தணித்து, “எங்களுக்கெல்லாம் வெயில்ல போடுன்னு சொல்றியே, உன்னுது எங்கம்மா காயுது?” என்று கேட்டார். பாவாடைக்கும் துண்டுக்கும் அடியில் என்று ஒப்புக்கொண்டேன். அவரே பள்ளிக்கூடம் வரைக்கும் ஓர் ஆளை அனுப்பி என் பையை வரவழைத்தார். குடிசையில் எனக்குப் பாய் போட்டார்கள். புண்ணுக்குத் தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தந்தார்கள். என் துணிகளைத் துவைத்து, அவர்களுடையதோடு சேர்த்து வேலியில் விரித்தேன். மறுநாள் பளீரென்று வெயில் அடித்தது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக என் துணி வெயிலைப் பார்க்கிறதே என்று நினைத்துக்கொண்டு, கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்குத்தான் நைனா வந்தார்.

ஊர்ப்பாதையில் வந்திருந்தால் யாராவது தடுத்திருப்பார்கள். அவர் பஸ்ஸை விட்டு இறங்கி, கொல்லைகளுக்கு நடுவே குறுக்குவழியில் வந்திருக்கிறார். பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்கலாம் என்று நேராக எங்களை நோக்கி வந்தார். தலையில் துண்டு, கையில் பை, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி.

“அண்ணா, அங்கியே நில்லுங்க. இந்தப் பக்கம் ஆம்பளைங்க வரக் கூடாதுங்க” என்று அக்கா எழுந்து நின்று கத்தினார்.

நைனா அப்படியே நின்றுவிட்டார். பெண்கள் முன்னால் நிற்கிறோமே என்று மரியாதையாக, மடித்துக் கட்டியிருந்த வேட்டியைச் சட்டென்று அவிழ்த்து விட்டார். அரக்குக் கரை கணுக்கால் வரை இறங்கியது. நடுவில் இரட்டை மஞ்சள் கோடு. அவருக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த வேலி நெடுக, ஒவ்வொரு துணியின் இரண்டு முனையிலும், அதே அரக்கு, அதே மஞ்சள் கோடு.

பெண்கள் வேலியைப் பார்த்தார்கள். அவர் இடுப்பைப் பார்த்தார்கள். மறுபடி வேலியைப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நைனா அவர்கள் பார்த்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்ன துணி என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று இருந்தது. அதைவிட, அந்த வேட்டியோடு அங்கே நின்றுகொண்டிருந்த அவரை யாராவது மறைத்துவிட மாட்டார்களா என்று இருந்தது.

அவர் பையை ஒரு கல்லின் மேல் வைத்தார். “வெல்லம் கீதும்மா. நம்ம ஆலையில ஆட்னது” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. பிறகு, “பஸ்ஸு போய்டும். நான் வர்றேன்” என்று திரும்பினார். வேட்டியை மறுபடி மடித்துக் கட்டவில்லை. கரை சேற்றில் புரள, வந்த வழியே நடந்து போனார்.

ஒரு பேச்சு வந்தால் பெட்டியைக் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். பேச்சு என்ன, சிரிப்பே வந்துவிட்டது. குளித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய அன்றே பெட்டியைக் கட்டி வைத்தேன். ஜமுனாமரத்தூர்ச் சந்தைக்குப் போகிறவர்களிடமெல்லாம் எனக்குச் சேதி உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வந்துவிடு என்று அவர் சொல்லிவிட்டால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச எனக்கு என்ன முகம் இருக்கிறது?

அடுத்த சந்தை நாளில் நானே ஜமுனாமரத்தூருக்குப் போய் நின்றபோது மலைப் பஸ் கண்டக்டர் ஒரு மூட்டையை இறக்கினார். “போளூர்ல ஒருத்தர் உங்களாண்ட குடுக்கச் சொன்னாருங்க” என்றார். கடிதம் ஒன்றும் இல்லை. அறைக்குத் தூக்கிவந்து பிரித்தேன். உள்ளே பழைய வேட்டிகள். துவைத்து, வெயிலில் உலர்த்தி, மடித்து அடுக்கியவை. எல்லாம் நைனாவுடையவை அல்ல. சில முரட்டு நெசவு, சில மெல்லிய நெசவு. நாலு வீட்டில் கேட்டு வாங்கியிருக்கிறார். எதற்கு என்று சொல்லி வாங்கியிருப்பார்? மிலிட்டரிக்கு என்றுதான் சொல்லியிருப்பார்.

ஒன்றை உதறி விரித்தேன். கரை இல்லை. இன்னொன்றை விரித்தேன். அதிலும் இல்லை. ஒரு வேட்டி விடாமல், இரண்டு பக்கமும், ஓரம் பிசிறுபிசிறாக நிற்கக் கரையைக் கிழித்தெடுத்திருந்தார். கத்தரிக்கோல் பிடித்த ஓரம் இல்லை அது, கையால் கிழித்தது. இனிமேல் எந்த வேலியில் கிடந்தாலும் இன்னாருடைய வேட்டி என்று யாருக்கும் தெரியக்கூடாது. அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, குடிசை வாசலில் கூசியதைவிட அதிகமாகக் கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன். பெட்டியைப் பிரித்துச் சாமான்களை வெளியே எடுக்க அன்று சாயங்காலம் ஆகிவிட்டது.

கல்லூரிக்குத் திரும்பியபோது மேடம் மூட்டையைக் கிளறிப் பார்த்துவிட்டு, “கரை எங்கடி? அதுதானே உன் டிசைனு?” என்று கேட்டார். கிடைக்கவில்லை மேடம் என்றேன். காதுக்குக் கடை நாடாவை வாங்கித் தைத்தோம். அது வழவழவென்று இருந்ததால் முடிச்சு நிற்காமல் நழுவியது. அடுத்த முறை மலைக்குக் கொண்டுபோனபோது, “பழசுதான் நல்லா இருந்துச்சு டீச்சர்” என்று அக்கா சொன்னார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். நைனா கரையே இல்லாத வெள்ளை வேட்டியில் கரும்புத் தோகை கழித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். கையிலிருந்த தோகையைப் பார்த்தபடியே கேட்டார்:

“துணி போதுமாம்மா?”

“போதும் நைனா.”

“கரை இல்லாம, தைக்கறதுக்குத் தோதா இருந்துச்சா?”

“தோதா இருந்துச்சு நைனா” என்றேன்.