ஏரியல் சட்டைப்பையில், செட்டு உறைக்குள்

எஞ்சின் டிரைவரும் கடைசிப் பெட்டியிலிருக்கும் கார்டும் வாக்கி டாக்கியில் பேசிக்கொண்டால் அது ரயில்வேயின் முன்னேற்றம். பேசாவிட்டால் அது என் குற்றம். அடுத்தவர் கையிலிருக்கும் கருவிக்குப் பொறுப்பேற்றுப் பிழைக்கும் சக பாவிகளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

தொண்ணூறுகளில் கோவைப் பக்கம் கூட்ஸ் வண்டிகளுக்கு இந்த செட்டுகள் வந்தபோது, பராமரிப்பு என் தலையில் விழுந்தது. ஒரே மாதத்தில் மூன்று முறை 'செட் பேசவில்லை' என்று புகார் வந்தால் வேறு ஊருக்கு மாற்றல் என்று அதிகாரி சொல்லிவிட்டார். அப்போதுதான் கணபதியில் வீடு பிடித்து, மகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருந்தேன்.

உறை

முதல் புகார் கார்டு பொன்னுசாமியுடையது. டிரைவர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறதாம். போய்ப் பார்த்தால், செட்டுக்குக் கெட்டியான ரெக்ஸின் உறை. ஸ்பீக்கரும் உள்ளே, அமுக்கிப் பேசும் பொத்தானும் உள்ளே. கழற்றினேன், கணீரென்று கேட்டது. அவர் முகம்தான் வாடிவிட்டது.

"தூசி படக்கூடாதுன்னு எங்கூட்டுக்காரம்மா தெச்சுக் குடுத்தாங்க. பேசறதுக்கோசரம் இதைக் கழட்டச் சொல்றீங்களே, நல்லாருக்குதுங்களா?"

ஏரியல்

அடுத்த வாரமே அதே வண்டியின் டிரைவர் காதர் பாய், கார்டின் சத்தமே வரவில்லை என்று எழுதிக் கொடுத்தார். செட்டின் தலையில் திருகும் ஆன்டெனாக் கம்பி, அதாவது ஏரியல், இல்லை. அது அவர் சட்டைப்பையில், மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சொகுசாக இருந்தது. இது இல்லாமல் எப்படிப் பேசும் என்று கேட்டேன். கோபமே இல்லாமல் பதில் சொன்னார்.

"ஏரியல் ஒடிஞ்சா எம்பேருல எழுதுவாங்க. செட்டு பேசலீன்னா உங்க பேருல எழுதுவாங்க. அதானுங்க."

மரியாதை

புகார் இரண்டாயிற்று. உறையைக் கழற்றி, ஏரியலைத் திருகி, இருவரையும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். நான்காம் நாள் அதிகாரியே சோதனைக்கு வந்துவிட்டார். நின்றிருந்த அதே வண்டியின் கடைசிப் பெட்டியில் ஏறி, பொன்னுசாமியின் செட்டை வாங்கி டிரைவரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். பத்து நிமிடம் போயிற்று. நோட்டைத் திறந்து மூன்றாவது புகாரை எழுத ஆரம்பித்தார். எனக்கு மகளின் புதுச் சீருடைதான் கண்முன் வந்தது.

அப்போது ஜல்லிக் கற்களின் மேல் யாரோ நடந்து வரும் சத்தம். உதவி டிரைவரை எஞ்சினில் விட்டுவிட்டு, நாற்பது வேகன் தூரத்தையும் நடந்தே கடந்து, வியர்த்து விறுவிறுத்து காதர் பாய் வந்து நின்றார். கூப்பிட்டது கேட்கவில்லையா என்று அதிகாரி சீறினார்.

"தெளிவாக் கேட்டுச்சுங்க. பெரியவங்க கூப்படறப்ப எஞ்சின்ல உக்காந்துட்டே பதில் சொன்னா மரியாதையா இருக்குமுங்களா? அதான் நேர்லயே வந்துட்டேனுங்க."

அதிகாரி எழுதியதை அடித்துவிட்டு 'தெளிவாகக் கேட்கிறது' என்று எழுதிக்கொண்டார். ரயில்வே வாங்கித் தந்த செட்டைவிட, பாயின் இரண்டு கால்களுக்குத்தான் நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன்.