மலை ஏறாத சிவப்புக் கார்

என் கணவர் அந்தக் காரை வாங்கியது 1998இல், மிளகு அறுப்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு. கொல்லிமலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவரின் மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, ஓட்டி அலுத்து, ஷெட்டில் போட்டுவிட்டுப் போன வண்டி அது. இரண்டே இருக்கைகள். தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கும். சிவப்பு நிறம் அங்கங்கே வெளுத்திருந்தது. ரேஸ் கார் மாதிரி என்று ஊரில் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். மிளகு வியாபாரிக்கு எதற்கு அப்படி ஒரு கார் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவரிடம் எதையும் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

சந்தை நாளில் மலைக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போவார். அன்பினால் அல்ல. எனக்கு மிளகு பார்க்கத் தெரியும். அத்தா, என் அப்பா, மலையடிவாரத்தில் மிளகு வியாபாரி. சின்ன வயதிலிருந்தே அவர் கடையில் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவள் நான். ஒரு கை அள்ளிக் குலுக்கினால் உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு எவ்வளவு, நகத்தால் கீறினால் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். கணவருக்கு அது வரவே இல்லை. அதனால் நான் வேண்டியிருந்தது. வேண்டியிருந்ததாலேயே என்மேல் அவருக்குக் கோபம் என்று இப்போது தோன்றுகிறது.

வாங்கிய புதிதில் கார் ஒழுங்காக ஓடியது. நான்கைந்து வாரம் கழித்துத்தான் சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது. சமதளத்தில் ஒன்றும் தெரியாது. அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டி மலைப்பாதையில் ஏற ஏற, இழுவை குறையும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் அடங்கிய குரலில் முனகும், வண்டி நகராது. சூடு காட்டும் முள் மேலே போய்விடும். கொஞ்ச நேரம் நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி ஏறும், மறுபடி முனகும். அழுகிய முட்டை நாற்றம் ஒன்று வேறு அடிக்கும்.

"நீ என்னத்தத் தின்னுட்டு வந்தே?" என்பார் மூக்கைப் பிடித்துக்கொண்டு.

அடிவாரத்தில் ஒரு மெக்கானிக் இருந்தார். கணவருக்குக் கூட்டாளி மாதிரி. கணவர் எதைச் சொன்னாலும் முதலில் சிரிக்கிறவர் அவர்தான். பிளக் மாற்றினார். பெட்ரோல் வடிகட்டி மாற்றினார். ஒரு வாரம் பம்ப்பைக் கழற்றி மாட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் பாதி மலையில் கார் நின்றபோது கணவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"எறங்கு," என்றார்.

"ஏனுங்க?"

"எறங்குன்னு சொல்றேன். வண்டியில கோளாறு இல்ல. பாரந்தான் கோளாறு."

என் இரண்டாவது குழந்தையும் பிறந்த அன்றே போன பிறகு என் உடம்பு பெருத்துவிட்டது. மாமியார் அதை வாய்விட்டுச் சொல்வார். கணவர் அதுவரை சொன்னதில்லை. நான் இறங்கினேன். அவர் காரைக் கிளப்பினார். நின்று ஆறியிருந்த இன்ஜின் ஜோராக ஏறியது. அடுத்த கொண்டை ஊசி வளைவில் நிறுத்தி, ஹாரனை விடாமல் அடித்தார். வெயிலில் புர்காவோடு ஏறிப் போய்ச் சேர்ந்தேன். அவர் முகம் பூரித்திருந்தது.

"பாத்தியா? எப்படிப் போச்சுன்னு பாத்தியா?"

அதற்குப் பிறகு அது வழக்கமாயிற்று. கார் முனகியதும் கதவைத் திறந்து கையை நீட்டுவார். நான் இறங்கி நடப்பேன். எதிரே இறங்கி வரும் பஸ்ஸில் இருப்பவர்கள் ஜன்னலில் முகம் வைத்துப் பார்ப்பார்கள். எங்களுக்குத் தெரிந்த லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து, "என்னுங்க பாய், அக்காவ நடக்க விட்டுட்டீங்க?" என்று கேட்பார்கள். அவர் அதற்குத்தான் காத்திருப்பார். "இன்ஜினு அவள நெனச்சா அழுவுதுங்க!" என்பார். அவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

மெக்கானிக்கிடம் இந்தக் கண்டுபிடிப்பைச் சொன்னபோது அவர் காரின் அடியில் ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். "இருக்குமுங்க பாய். ரேஸ் வண்டி பாரந் தாங்காதுங்க," என்றார்.

சோளக்காட்டுச் சந்தையில் நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கு வாழவந்தி நாட்டுப் பக்கமிருந்து வழக்கமாக வரும் ஒரு அம்மாளிடம் மிளகு பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை எப்போதும் "கண்ணு" என்று கூப்பிட்டு, பலாச்சுளையை இலையில் மடித்துத் தருகிறவர். மூட்டைகளை எடை போட்டு முடித்ததும் கணவர் தராசு மேடையைக் காலால் தட்டினார்.

"ஏறு."

எனக்கு விளங்கவில்லை.

"ஏறி நில்லுடி. கணக்குத் தெரிஞ்சாத்தான மெக்கானிக்குக்குச் சொல்ல முடியும்?"

சுற்றிலும் ஆட்கள். நான் மாட்டேன் என்றால் அங்கேயே கையைப் பிடித்து இழுப்பார் என்று தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். ஏன் செருப்பைக் கழற்றினேன் என்று தெரியவில்லை. அவர் படிக்கல்லை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார். ஒவ்வொரு கல்லுக்கும் "இன்னும் பத்தலீங்க!" என்று சந்தைக்குச் சொன்னார். கடைசியில் கணக்கைச் சத்தமாகச் சொன்னதும் ஒரு சிரிப்பு எழுந்தது. வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாளும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். நான் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு, மீதி மூட்டைகளைப் பார்த்தேன். மிளகு நன்றாகக் காய்ந்திருந்தது. அதையும் சொன்னேன்.

அடுத்த சந்தைக்கு முந்தின நாள் நான் ஒரு யோசனை சொன்னேன்.

"ஏனுங்க, என் எடைக்கு உப்பு மூட்டைய என் சீட்டுல வெச்சு ஏத்திப் பாருங்க. நான் பஸ்ஸுல வாரேன். மூட்டைக்கும் வண்டி நின்னா, வேற எங்கியோ கோளாறுன்னு தெரிஞ்சு போகுமில்லீங்க?"

அவருக்கு அது பிடித்துப்போனது. தானே மூட்டையைத் தூக்கி வைத்து, அதற்கு என் பழைய முக்காட்டுத் துணியைப் போர்த்தினார். வாசலில் நின்ற மாமியார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் ஏறிய பஸ் மலைப்பாதையில் பாதிக்கு மேல் போனபோது அந்தச் சிவப்புக் கார் வளைவில் நின்றது. பானட் திறந்திருந்தது. கணவர் கையை ஆட்டிப் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். கண்டக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க ஊட்டுக்காரராட்ட இருக்குதுங்களே. நிறுத்தச் சொல்லட்டுமுங்களா?"

"வேண்டாமுங்க. அவர் வண்டிய ஆறவிட்டுட்டு வருவாரு."

பஸ் அவரைத் தாண்டிப் போனது. அவர் வாய் அசைந்தது, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. இருக்கையில் என் முக்காட்டைப் போட்டுக்கொண்டு மூட்டை உட்கார்ந்திருந்தது.

பாரம் காரணமில்லை என்று இனி அவரே ஒப்புக்கொள்வார் என்று நினைத்தேன். சந்தையில் வந்து சேர்ந்ததும் அவர் சொன்னது வேறு.

"உன் எடை இருந்தா உப்பு மூட்டையக்கூட இந்த வண்டி இழுக்காதுன்னு ஆயிப்போச்சு. இதவிட என்ன அத்தாட்சி வேணும்?"

அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் உள்ளுக்குள் அவருக்கும் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். மறுநாள் காலை என்னையும் ஏற்றிக்கொண்டு மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனார்.

மெக்கானிக் டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்காமலே சொன்னார்: "ஆராச்சும் பின்னாடி உக்காந்து சைலன்சர் வாயில கைய வெச்சுப் பாருங்க. காத்து எப்படி வருதுன்னு சொல்லுங்க."

"இவ பாக்கட்டும்," என்றார் கணவர். "சும்மா உக்காந்துதான வாரா."

நான் காரின் பின்னால் குந்தி உட்கார்ந்தேன். அவர் இன்ஜினைக் கிளப்பி ஆக்சிலேட்டரை மிதித்தார். உள்ளங்கையை நீட்டினேன். அவ்வளவு பெரிய இன்ஜினுக்கு, கையைத் தள்ளுகிற வேகத்தில் புகை வர வேண்டும். அத்தாவின் பழைய லாரிக்குப் பின்னால் நின்றால் புடவையே பறக்கும். இதில் வெதுவெதுப்பாக ஏதோ கசிந்தது, அவ்வளவுதான்.

"காத்தே வரலீங்க!" என்று கத்தினேன்.

"என்னது?"

"உள்ள எங்கியோ அடைச்சிருக்குதுங்க! காத்து வெளிய வரல!"

"பெரிய இஞ்சினீயரு! கிட்ட வெய்யி. மூடிப் புடி."

முழங்கையை ஊன்றி இன்னும் நெருங்கினேன். கண்ணாடியில் அவர் கண்கள் தெரிந்தன, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. ரிவர்ஸ் கியர் விழுகிற சத்தம் கேட்டது. கார் ஒரு முழம் பின்னால் குதித்து நின்றது. நான் மல்லாந்து விழுந்தேன். புகைக்குழாயின் சூடேறிய விளிம்பு என் முன்கையில் அழுந்தி, தோலை வழித்துக்கொண்டு விலகியது.

அவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "பயந்துட்டியா?"

விளையாட்டு. அவர் முகத்தில் விளையாடிய சந்தோஷம்தான் இருந்தது. மெக்கானிக் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டு, பட்டறை ஓரத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். முழங்கை வரை முக்கினேன். ரேடியேட்டருக்கு ஊற்றுகிற அழுக்குத் தண்ணீர். அப்போது அதுவே போதுமாயிருந்தது.

வண்டி கொஞ்சம் ஆறியதும் மெக்கானிக் அடியில் படுத்து, இன்ஜினிலிருந்து வரும் குழாயின் முன் இணைப்பைக் கழற்றிவிட்டு, கிளப்பச் சொன்னார். கார் இடி இடிப்பது போல் கத்தியது. பட்டறைக் கூரையிலிருந்து புறாக்கள் பறந்தன. கணவர் அப்படியே மலைப்பாதையில் ஏறிப் போனார். சத்தம் வளைவு வளைவாக மேலே போய், எங்கும் நிற்காமல் திரும்பி இறங்கி வந்தது.

"சிட்டாப் பறக்குது!" என்றார்.

குழாயின் நடுவில் இருந்த தகரப் பெட்டியை மெக்கானிக் கழற்றி எடுத்தார். உள்ளே தேனடை மாதிரி சின்னச் சின்னக் கண்களாக இருக்க வேண்டுமாம். அது உருகி, ஒட்டி, கறுத்த வெல்லக்கட்டி போல அடைத்துக்கிடந்தது. புகை போக வழியில்லை. புகை போகாவிட்டால் இன்ஜின் மூச்சு விட முடியாது, இழுக்க முடியாது.

"வெளிநாட்டு வண்டிங்க பாய். இதுக்கு ஈயமில்லாத பெட்ரோல்தான் ஊத்தோணும். நம்மூர் பங்க்ல அது எங்க கெடைக்குது? ஈயம் பட்டுப்பட்டுப் பொட்டி செத்துப்போச்சு," என்றபடி கடப்பாரையால் கட்டியைக் குத்தி உடைத்து வெளியே கொட்டினார். "வெறும் பொட்டியா மாட்டிடறேன். இனி ஒண்ணும் பண்ணாது."

கணவர் ஸ்பேனர் எடுக்க உள்ளே போன நேரம், நான் மெக்கானிக்கிடம் கேட்டேன். "இது இப்பத்தான் தெரிஞ்சுதுங்களா?"

அவர் தலையைத் தூக்காமல் சொன்னார். "மொத நாளே தெரியுமுங்க அக்கா. முனகற சத்தத்துலயே தெரியும். பாய் பாரம் பாரம்னு சொல்லிட்டிருந்தாரு. அவரு அவ்வளவு சந்தோசமா இருக்கறப்ப நான் எதுக்குங்க நடுவுல?" கொஞ்சம் நிறுத்தி, "நல்ல தமாசாவும் இருந்துச்சு," என்றார்.

அவர் அதை ஒளிக்கக்கூட நினைக்கவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

பெட்டியை மாட்டி முடித்ததும் கணவர் கதவைத் திறந்தார். "ஏறு. இனி உன்னையுந் தாங்கும்."

கொப்புளம் கிளம்பிய கையோடு நான் ரோட்டுக்கு நடந்தேன். பின்னால் ஹாரன் அடித்தது. நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். சேந்தமங்கலம் பஸ் வந்தது. ஏறி அத்தா வீட்டுக்குப் போனேன்.

அம்மா கையைப் பார்த்து அழுதார். அத்தா அழவில்லை.

"அடிச்சானா?"

கையைக் காட்டினேன்.

"இது சைலன்சர் சுட்டது. அவன் அடிச்சானான்னு கேக்கறேன்."

"இல்லீங்க அத்தா."

"அப்ப என்னான்னு ஜமாஅத்துல சொல்றது? காரு மலை ஏறலீன்னு பொண்டாட்டி வந்துட்டாள்னா?"

ஜமாஅத்துப் பெரியவர்கள் கூடியபோது ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்கள். கணவர் உப்பு மூட்டைக் கதையை அங்கேயும் சொன்னார். வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறியது. திரும்பிப் போகச் சொன்னார்கள். திரைக்குப் பின்னாலிருந்து, போகமாட்டேன் என்றேன். காரணம் கேட்டார்கள். போகமாட்டேன் என்று மறுபடி சொன்னேன். என்னிடம் இருந்த காரணங்கள் எல்லாவற்றுக்கும் அவர்கள் சிரித்து முடித்திருந்தார்கள்.

அத்தா என்னை வைத்துக்கொண்டது பாசத்தினால் என்று சொல்ல மாட்டேன். அவருக்குக் கண் மங்கிவிட்டிருந்தது, விரல்களும் மரத்துப்போயிருந்தன. அந்த வருடம் இரண்டு முறை ஈர மிளகை வாங்கி ஏமாந்திருந்தார். "மருமகன் வந்து கூப்பிடற வரைக்கும் சந்தைக்குப் போயிட்டு வா," என்றார். அவர் வந்து கூப்பிடவில்லை. அடுத்த வருடம் தலாக் வந்தது. அதற்கடுத்து அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். மெலிந்த பெண் என்று எனக்கு வேலை மெனக்கெட்டு வந்து சொன்னார்கள்.

நான் பஸ்ஸில்தான் மலைக்குப் போய்வந்தேன். அப்படிப் போன முதல் நாள், சோளக்காட்டில் இறங்கியதும் வாழவந்தி நாட்டு அம்மாள் என் கைத் தழும்பைப் பார்த்தார். மூட்டையை அவிழ்த்து வைத்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"போன சந்தைக்கு உம்பட மாப்பிள்ளை தனியா வந்தாரு கண்ணு. நாங்க நாலஞ்சு ஊட்டுக்காரங்களும் ஊட்டுல கெடந்த பொக்கு, மழையில நனைஞ்சது எல்லாத்தையும் அவரு தலையில கட்டிட்டோம். அவருக்குப் பாக்கத் தெரியலயே. நல்லாருக்கு நல்லாருக்குன்னு அள்ளி அள்ளி மோந்து பாத்துட்டு வாங்கிட்டுப் போனாரு."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நானும் சிரித்தேன். வயிறு வலிக்கிற வரைக்கும் சிரித்தேன். பிறகு அவர் மூட்டைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிக் குலுக்கினேன். எனக்கு வைத்திருந்ததிலும் பாதி பொக்கு.