முத்துப்பேட்டை சுறாக்குட்டி

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டோரம், காலை வெயில். காட்டைச் சுற்றிப் பார்க்க நான் ஏறிய படகை ஓட்டும் செல்வி அக்கா, வழியில் தன் வலையை இழுக்கிறார். மீன்களுக்கு நடுவே முழங்கை நீளச் சுறாக்குட்டி ஒன்று துடிக்கிறது. நூல் அதன் செவுளை இறுக்கியிருக்கிறது.

“மூச்சு முட்டுது பாருங்க. அடிவயித்தத் தாங்கிப் புடிங்க, நான் அறுத்துவிடுறேன்.”

“கடிக்குமா அக்கா?”

“உங்களவிட அதுதான் பயந்து கெடக்கு!”

அதன் தோல் உப்புத்தாள்போல் சுரசுரக்கிறது. அக்கா தன் புது வலையைத் தயங்காமல் அறுக்கிறார். குட்டியைத் தண்ணீருக்குள் இறக்குகிறேன், அசையவில்லை.

“முன்னாடி தள்ளுங்க, வாயில தண்ணி போகட்டும்.”

மெல்லத் தள்ளுகிறேன். செவுள் விரிகிறது. அடுத்த நொடி, வாலால் என் முகத்தில் ஒரே அறை! படகுக்குள் மல்லாந்து விழுகிறேன். கண்ணாடி தண்ணீரோடு போய்விட்டது, எல்லாம் மங்கல்.

“போயிடுச்சா அக்கா?”

“பறந்தே போயிடுச்சுங்க!”

படகு ஆட ஆடச் சிரிக்கிறோம்.