திலீப் அண்ணன் வைத்த நந்தியாவட்டை

நனைந்த சப்பாத்தும் அப்போதுதான் வெட்டின புல்லும் சேர்ந்து ஒரு வாசம் வருமே... ஞாயிறு காலை என்றால் எனக்கு இன்னும் அந்த வாசம்தான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஓடுவதற்கு மைதானம் இல்லை. ஒரு பக்கம் ஏற்றம், இன்னொரு பக்கம் பள்ளம், நடுவில் அட்டைக்கடி. அதனால் நாங்கள் ஒரு கும்பலாகத் தேயிலை ஸ்டோர் வாசலில் இருந்து ஓப்பநாயக்க டவுன் பூங்கா வரைக்கும் இறங்கி ஓடுவோம். பூங்காவைச் சுற்றி ஓட விட்ட வாட்சர் மாமாவுக்கு நன்றிக்கடனாக, ஓடி முடித்ததும் அங்கே தோட்ட வேலை செய்து கொடுப்போம். யாரும் கேட்கவில்லை. நாங்களாக ஆரம்பித்தது.

கடைசியாக வந்து சேருகிறவருக்குத்தான் சுரண்டி. களை முழுவதையும் அவர்தான் சுரண்ட வேண்டும். அந்தச் சுரண்டிக்குப் பயந்தே நான் வேகமாக ஓடக் கற்றுக்கொண்டேன்.

அந்தச் சட்டத்தைப் போட்டது எங்களோடு ஓடிய திலீப் அண்ணன். கோயிலடியில் இருந்து ஒரு நந்தியாவட்டைக் கொப்பை ஒடித்து, ஜேர்சிக்குள் சொருகி, அவ்வளவு தூரம் ஓடி வந்து, பூங்கா வேலியோரம் நட்டவரும் அவர்தான்.

"ஏண்ணே, செடியும் ஓட்டப் போட்டிக்கு வருதா?" என்று கேட்டேன்.

"வரும்டி வாயாடி. ஒன்னைய விட முந்தி வரும்."

அந்த மழைக்காலத்திலேயே எலிக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல்தானே என்று பெனடோல் மாத்திரை போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது நேரம் கடந்திருந்தது.

செடி நின்றது. வேர் பிடித்தது. ஒரு வருசம் முடிகிற சமயத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தும் விட்டது.

திலீப் அண்ணனின் அம்மா பாக்கியம் அத்தை, மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். அதிகம் பேசமாட்டார். எங்களிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வருசத் திதிக்கு வேற பூ வேணாம் புள்ள. அவன் வச்ச செடியில இருந்து ஒரு கை பூ போதும்."

திதி அடுத்த மாதம்.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலியோரச் செடிகள் காடாகிவிட்டன, கொஞ்சம் வெட்டிவிடுங்கள் என்றார் வாட்சர் மாமா. வேலையை எடுத்துக்கொண்டவர் சிவா அண்ணன். திலீப் அண்ணனோடு பிறந்ததில் இருந்தே ஒன்றாகத் திரிந்தவர். தோட்டத்தில் அவருக்குக் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடிகளை முட்டி உயரத்துக்கு வெட்டி, மறுபடி துளிர்க்க விடுகிற வேலை.

கவ்வாத்துக்காரர் கையில் கத்தியைக் கொடுத்தால் வேறு என்ன நடக்கும்? ஒரு மூலையில் தொடங்கினார்... நிரையைப் பிடித்தார்... குனிந்த தலை நிமிரவேயில்லை. நாங்கள் பின்னாலேயே கொப்பு பொறுக்கிக்கொண்டு போனோம். ஒரு வேலி முழுக்க, ஒரே மட்டம். நிமிர்ந்து பார்த்தால் குட்டித் தேயிலை மலை!

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணே, இனி இதுல கொழுந்து எடுக்க ஆள் அனுப்பணும்!"

எல்லோரும் சிரித்தோம். வாட்சர் மாமா மட்டும் வந்து நின்று வேலியைப் பார்த்தார்.

"மல் கோ?"

பூ எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். அப்போதுதான் சிவா அண்ணன் திரும்பினார். நான் பொறுக்கி வைத்திருந்த குவியலின் மேலே வெள்ளை நந்தியாவட்டைப் பூக்கள் கிடந்தன.

"பார்த்துக்கிட்டுத்தான் வெட்டினேன்... கை போய்க்கிட்டே இருந்திச்சி" என்றார். திரும்பி வரும்போது யாரும் ஓடவில்லை.

அன்று மாலை அவர் நேராக அத்தையின் லயத்து வீட்டுக்குப் போனார். நாங்களும் பின்னால் போய் வாசலில் நின்றோம். அத்தை அடுப்படியில் இருந்து வந்தார்.

"அத்தே... திலீப் செடிய நான் கவ்வாத்து வெட்டிட்டேன்."

அத்தை அவருடைய கையைப் பார்த்தார்.

"எம்புட்டு ஒசரத்துல?"

"முட்டிக்கு மேல."

"அப்ப சாகாதுல்ல?"

"சாகாது அத்தே."

"சாகலன்னா போதும்டா. உள்ள வா, தேத்தண்ணி குடி."

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் எங்களுக்குள் போட்டியே இல்லை. கும்பலாக ஓடிப்போய் அந்தச் செடி முன்னால்தான் நிற்போம். கட்டை... கட்டை... பிறகு ஒரு பச்சைப் புள்ளி. சிவா அண்ணன் அதைத் தொடவில்லை, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் மொட்டு வரவில்லை. திதி வந்துவிட்டது.

அன்று அத்தையோடு சேர்ந்து டவுனுக்கு நடந்தோம். அந்த ரோட்டில் நாங்கள் ஓடாமல் இறங்கியது அதுதான் முதல்முறை. சிவா அண்ணன் பூக்கடையில் மல்லிகை வாங்கிக் கையில் வைத்திருந்தார். கொடுக்கத்தான் தைரியம் வரவில்லை.

அத்தை செடியைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். பூ இல்லை. இளம்பச்சையில் துளிர்தான் மண்டிக் கிடந்தது. அவருடைய விரல்கள் தாமாகவே போயின. மலையில் எடுக்கிற அதே மாதிரி, பட் பட்டென்று கிள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டார்.

"இதுவும் அவன் வச்சதுதானே."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீதானாமே சொன்ன... கொழுந்து எடுக்க ஆள் வேணும்னு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அன்றைக்கு அத்தையின் லயத்துக் காம்பராவில் திலீப் அண்ணன் படத்துக்கு முன்னால் மல்லிகையும் இருந்தது. ஆனால் தட்டின் நடுவில் இருந்தது கொழுந்துதான்.

இப்போது நான் கேகாலையில் கோர்ஸ் படிக்கிறேன். இங்கேயும் ஒரு கும்பலோடு காலையில் ஓடுகிறேன். எல்லோர் கையிலும் மணிக்கூடு; எவ்வளவு தூரம், எத்தனை துடிப்பு, எல்லாம் அதுவே சொல்லும். ஓடி முடிந்தால் போட்டோ, பிறகு அவரவர் வீடு. கடைசியாக வருகிறவருக்குச் சுரண்டி இல்லை. நான் மெதுவாகத்தான் ஓடுகிறேன்.

போன கிழமை சிவா அண்ணன் எனக்குப் போன் எடுத்தார். நந்தியாவட்டை வேலிக்கு மேலே வந்துவிட்டதாம். தரையெல்லாம் பூவாம். இந்த வருசத் திதிக்கு அத்தையைக் கூட்டிக்கொண்டு போனார்களாம்.

"கூடை நெறைய பூ எடுத்தாங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"எடுத்தாங்க... ஆனா மொதல்ல கொழுந்துதான் கிள்ளினாங்க."