ஃப்ரிட்ஜ் செருப்பு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் முன்னால் எப்போதும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். அதற்குப் பெயரே ஃப்ரிட்ஜ் செருப்பு. வந்தவர்கள் யாராவது தண்ணீர் பாட்டில் எடுக்கப் போனால், "செருப்பு போட்டுக்கங்க, ஷாக் அடிக்கும்" என்று என் மனைவி காபி வேண்டுமா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்வாள். எங்கள் சந்தில் பாதி வீடுகளில் இதே கதைதான். வெட்கக்கேடு, ஆனால் எல்லோருக்கும் பழகிவிட்டது.

மகள் தவழ ஆரம்பித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு நாள் காலையில் விறுவிறுவென்று போய் ஃப்ரிட்ஜைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தாள். கை கதவில் படுவதற்குள் மனைவி பாய்ந்து தூக்கிவிட்டாள். நான் ப்ளக்கைப் பிடுங்கி, மெயினை அணைத்து, சுவிட்ச் போர்டைக் கழற்றினேன். மூன்று ஓட்டைகளில் மேலே இருக்கிற பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒரு ஒயர்கூட இல்லை. பார்வைக்கு மட்டும் ஓட்டை.

கரண்ட் ஒரு வழியாக வந்தால் இன்னொரு வழியாகத் திரும்பியாக வேண்டும். ஃப்ரிட்ஜின் தகட்டில் கசிகிற கரண்ட் மண்ணுக்கு இறங்க ஒரு ஒயர் வேண்டும், அதுதான் எர்த். அது இல்லாத வீட்டில் வெறுங்காலோடு தொடுகிறவன்தான் ஒயர். செருப்பு அந்த வழியை மறிக்கிறது, அவ்வளவுதான். கசிவு அப்படியே அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும்.

மாடியில் இருந்த ஹவுஸ் ஓனரிடம் போனேன்.

"இன்னா தம்பி, மூணு ஓட்டை கீதுல்ல?"

"ஓட்டை இருக்குண்ணே. எர்த் இல்ல."

"அதுக்கு வாசல்ல குழி தோண்டணும். இப்பதான் டைல்ஸ் போட்டு முடிச்சிகீறேன், உடைக்கச் சொல்றியா? இத்தினி வருசத்துல யாருக்கு இன்னா ஆச்சு? செருப்பு போட்டுக்கினா ஒண்ணும் ஆவாது."

எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த மனுஷனுக்கு ஒரு குழந்தையின் உயிரைவிட வாசல் டைல்ஸ் பெரிதாகிவிட்டது. வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு இறங்கினேன்.

சாயங்காலம் பெசன்ட் நகர் பக்கம் போய்விட்டு வந்த ஹவுஸ் ஓனர், கையில் பையோடு எங்கள் வாசலில் நின்றார். மனது மாறிவிட்டது, எலக்ட்ரீஷியனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பையிலிருந்து குட்டி ரப்பர் செருப்பு ஒரு ஜோடியை எடுத்து நீட்டினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பாப்பாவுக்கு வாங்கியாந்தேன். இனிமே பயமில்ல."

என் மகள் இரண்டு உள்ளங்கைகளையும் முட்டிகளையும் தரையில் ஊன்றி அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இத அவ கையில மாட்டட்டுமா, முட்டியில மாட்டட்டுமா?"

அவர் குழந்தையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார்.

"சைஸ் பத்தலன்னா மாத்திக்கலாம்" என்றார். "கடக்காரன் சொல்லிகீறான்."