தெற்கு கோல் பக்கத்துத் தண்ணீர்

ஒரகடம் பக்கத்தில் இன்று ஸ்டேடியம் என்று வளைவு வைத்திருக்கிறார்களே, அந்த இடத்தில் நான் நான்கு வருஷம் கோல்கீப்பராக நின்றிருக்கிறேன். அப்போது அதற்கு வளைவும் கிடையாது, பெயரும் கிடையாது. ஏரியிலிருந்து வந்த வாய்க்காலில் யாரோ கட்டட இடிசலைக் கொட்டி மூடியிருந்தார்கள். அதன் மேல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த நாங்கள் பதினொரு பெண்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் முள்ளை வெட்டிக் கல் பொறுக்கினோம். மாதா கோயில் திருவிழா என்றாலே பந்தாட்டம் என்று வளர்ந்த கடற்கரைக்காரிகள். பழைய இரும்புக் கடையில் பைப் வாங்கி, தெரிந்த வெல்டரிடம் கெஞ்சி கோல் போஸ்ட் செய்து நட்டோம்.

வாரம் முழுக்க ஃபேக்டரி லைனில் நின்றபடி, பாத்ரூம் போவதற்குக்கூட சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நாங்கள். யாரையும் கேட்காமல் ஓடுவதற்கு இருந்த ஒரே இடம் அது.

பிறகு ஒரு கம்பெனி நன்கொடை கொடுத்து, அங்கே ஸ்டேடியம் கட்ட ஏற்பாடானது. அதுவரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஒரு மனை வியாபாரி விளையாட்டுச் சங்கத்தின் செயலாளராக வந்து நின்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது தகர வேலி போட்டுக் கேட்டைப் பூட்டியிருந்தார்கள். எங்கள் கோல் போஸ்ட்டைப் பிடுங்கி, வாங்கிய கடையிலேயே எடைக்குப் போட்டிருந்தார்கள். கட்டி முடித்தபின் எங்களுக்கும் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் தருவீர்களா என்று கேட்டோம்.

"இன்னாம்மா, நீங்க குதிச்சிகினு ஆடறதுக்கா இவ்ளோ செலவு பண்றாங்க?" என்றார் செயலாளர். "ஹாஸ்டல்ல கேரம் போர்டு கீதில்ல? அத்த ஆடுங்க."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் வரை எரிந்தது. அந்த ஆளைப் பத்துப் பேர் பார்க்கத் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி தானாகவே வந்தது. வேலை நடந்துகொண்டிருந்தபோது வேலியோரமாகப் போன என்னைச் சைட் இன்ஜினியர் கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர், சின்ன வயசு.

"ஏனுங்க, நீங்க இங்க விளையாடுனவங்கதானே? மழைக்கு இந்தத் தெக்குப் பக்கம் தண்ணி நிக்குங்களா? செயலாளர் இங்க டிரைனேஜ் பைப்பே வேண்டாம்ங்கிறார். எனக்கு மனசு ஒப்பலைங்க."

தெற்கு கோல் என்னுடைய கோல். மழை விட்ட மறுநாள் பழைய வாய்க்கால் அடியிலிருந்து ஊறி, கணுக்கால் வரை ஏறும். அதில் நின்று நின்று சேற்றுப்புண் வந்த கால் என்னுடையது. அதை என்னைவிட யாரால் சொல்ல முடியும்?

"நிக்காது சார்," என்றேன். "எப்பவும் காஞ்சுதான் கெடக்கும்."

அவர் நன்றி சொன்னார். நான் சந்தோஷமாக நடந்தேன். பொய் சொல்கிறோமே என்று ஒரு துளி உறுத்தல் இல்லை.

ஐப்பசியில் திறப்பு விழா. கூட்டம் காட்ட ஆள் வேண்டுமே, எங்கள் ஃபேக்டரி பஸ்ஸில் எங்களையே ஏற்றிக்கொண்டு வந்து, தலைக்கு ஒரு தொப்பி கொடுத்து, கேலரியில் உட்கார வைத்தார்கள். முந்தின இரண்டு நாளும் நல்ல மழை. செயற்கைப் புல் பார்க்கப் பச்சைப்பசேலென்று இருந்தது. தெற்கு கோல் பக்கம் மட்டும் லேசாக உப்பியிருந்ததை நான் ஒருத்திதான் கவனித்தேன்.

முதல் பந்தை உதைக்கச் செயலாளர் வெள்ளை வேட்டியில் வந்தார். உப்பிய இடத்தில் கால் வைத்ததும் புல் மெத்தைபோல் அமுங்கியது. ஓரத்திலிருந்து சேற்றுத்தண்ணீர் பீறிட்டது. மனுஷன் மல்லாக்க விழுந்தார். நான் எழுந்து நின்று கை தட்டினேன். இத்தனை வருஷத்தில் நான் பிடித்த எந்தப் பந்தும் தராத சுகம் அது. அதை மறைக்க விரும்பவில்லை.

அவர் எழுந்ததும் இன்ஜினியரின் சட்டையைப் பிடித்தார். பைப் வேண்டாம் என்று சொன்னதையே மறந்தவர்போல, "தண்ணி நிக்காதுன்னு எவன்டா சொன்னான் ஒனக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார்.

இன்ஜினியர் கேலரியை ஏறிட்டுப் பார்த்தார். தொப்பிக் கூட்டத்தில் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கை தட்டிய நிலையிலேயே நின்றிருந்த என் கைகளையும் பார்த்தார்.

"யாருஞ் சொல்லலைங்க," என்றார். "நானாத்தான் முடிவு பண்ணுனேன். தப்பு என்னோடதுங்க."

அங்கேயே அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டைத் தாண்டி அவர் நடந்தார். நாந்தான் சொன்னேன் என்ற வார்த்தை என் தொண்டை வரை வந்தது. இரண்டு படி இறங்கவும் செய்தேன். அதற்குள் பஸ் ஹாரன் அடித்தது. செகண்ட் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கூட வந்தவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

நானும் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.