என்னைப் பற்றி விசாரிக்கக் கவரைப்பேட்டைக்கு

சனிக்கிழமை காலை ஏழு பத்து. திருவள்ளூர் ரயில் நிலையத்தில் கவரைப்பேட்டைக்கு ஒரு டிக்கெட் கேட்டேன். இருபது ரூபாய். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "பேசின் பிரிட்ஜ் போய் வண்டி மாறணுமே மேடம். தலையச் சுத்தி மூக்கத் தொடுற மாதிரி. பெரியபாளையம் வழியா பஸ்ல போனீங்கன்னா கிட்டக்க."

தெரியும் என்றேன். ஒன்பது வருடமாக அந்தப் பக்கம்தான் தினமும் போய் வருகிறேன், கம்பெனி காரில். தேர்வாய் கண்டிகையில் ரப்பர் குழாய் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்திப் பிரிவுக்கு நான்தான் தலைவி. காரில் போயிருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் கவரைப்பேட்டையில் இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் டிரைவருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் திங்கட்கிழமை காலை கேன்டீன் வரைக்கும் தெரிந்துவிடும். நான் போகிற காரியம் அப்படிப் பரவக்கூடியது அல்ல. நான் எப்படிப்பட்ட மேலாளர் என்று, என்னிடம் வேலை பார்த்துவிட்டுப் போன ஒருவரிடம் கேட்டு வரக் கிளம்பியிருந்தேன்.

இந்தக் கூத்துக்குக் காரணம் நாற்பத்து நான்கு வயதில் நான் சேர்ந்திருக்கும் எம்.பி.ஏ. ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையில் வகுப்பு. கணக்கியல், சந்தையியல் எல்லாம் எப்படியோ கடந்துவிட்டேன். இந்தப் பருவத்தில் 'மேலாளரின் சுய வளர்ச்சி' என்று ஒரு பாடம். உங்களைப் பற்றி உங்கள் ஆட்களிடம் கேட்டு, அதை வைத்து உங்களையே ஆராய்ந்து கட்டுரை எழுதுங்கள் என்றார்கள். நானும் பதினான்கு படிவங்களை ஷிஃப்ட் இன்சார்ஜிடம் கொடுத்தேன். மறுநாளே பதினான்கும் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் முழு மதிப்பெண். 'மேடம் எங்களுக்குத் தாய் மாதிரி' என்று ஏழு படிவங்களில் இருந்தது. படித்து மகிழ்ந்தேன் என்பதை மறைப்பானேன்.

பேராசிரியை கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார். மேலே சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'பதினான்கு பேருக்கும் ஒரே கையெழுத்து. உங்களிடம் எதையும் எதிர்பார்க்காத ஒருவரிடம் கேட்டு, அடுத்த ஞாயிறு கொண்டு வாருங்கள்.'

அப்படி ஒருவரைத் தேடினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, யாரும் அகப்படவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, திருவள்ளூர் வீட்டில் நான் மட்டும்தான். என்னோடு பேசுகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கையெழுத்து வாங்க வேண்டியவர்கள். கடைசியில் ஏழுமலை நினைவுக்கு வந்தார். எங்கள் மூன்றாவது லைனின் லீடர். இரண்டு வருடத்துக்கு முன்னால், "நெலத்தப் பாக்கணும் மேடம்" என்று சொல்லி விலகிப் போனவர். இப்போது கவரைப்பேட்டையில் நாஷ்டா கடை வைத்திருப்பதாகக் கேள்வி. கெடு நாளைக்கே.

எட்டு இருபது, பேசின் பிரிட்ஜ். கும்மிடிப்பூண்டி வண்டிக்கு முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்தேன். பத்து ரூபாய்க்கு டீ குடித்தேன். இரண்டு பாதைகளும் சேருகிற இடம் என்பதால் எல்லோரும் யாருடனோ போனில் பேசிக்கொண்டே பாலம் ஏறி இறங்கினார்கள். நானும் போனை எடுத்துப் பார்த்தேன். உற்பத்தி எண்ணிக்கை மட்டும் வந்திருந்தது.

வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என் கட்டுரையை எடுத்து மறுபடி படித்தேன். அதன் இரண்டாம் பக்கம் எனக்கு மிகவும் பிடித்த பக்கம். நான் கொண்டு வந்த ஒரு வழக்கத்தைப் பற்றியது. காலை ஆறேகாலுக்கு, வேலை தொடங்குமுன், எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். முதல் நாள் பழுதான குழாயை, செய்தவரே கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து, 'இது என் தவறு' என்று சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம்தான். பழுதுகள் பாதியாகக் குறைந்தன. அதற்கு 'பொறுப்பேற்கும் பண்பாடு' என்று தலைப்பு வைத்திருந்தேன்.

எதிரே ஒரு அம்மா, மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு பொன்னேரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். "பரிச்சப் பேப்பரா டீச்சர்?" என்றார்.

"நான்தாம்மா பரீட்சை எழுதுறேன்."

"இந்த வயசுலயா? நல்லா படி. இப்ப எங்க போற, சொந்தக்காரங்க ஊட்டுக்கா?"

"இல்லை. முன்னாடி என்கிட்ட வேலை பார்த்தவர் ஒருத்தர். நான் எப்படிப்பட்ட ஆள்னு அவரைக் கேட்கப் போறேன்."

அவர் கூடை குலுங்கச் சிரித்தார். "அதக் கேக்கவா இம்மாந் தூரம்? ஏம்மா, ஊட்ல சொல்றதுக்கு யாரும் இல்லியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, மடியிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார். பொன்னேரியில் இறங்கிக்கொண்டார். பழம் லேசாக மீன் வாசனை அடித்தது, முழுதும் தின்றேன்.

பத்து மணிக்குக் கவரைப்பேட்டை. ஸ்டேஷனிலிருந்து சென்னை நெடுஞ்சாலைப் பக்கம் சற்று நடந்தால் ஏழுமலையின் கடை. தகரக் கூரை, நான்கு மேசை, தோசைக்கல்லில் அவர் மனைவி. சுவரில் ஒரு கடிகாரம். அவர் விலகியபோது நாங்கள் கொடுத்த கடிகாரம்தான், மணி சரியாகக் காட்டியது.

"மேடம்! நீங்களா? இன்னா மேடம் இது, ஒரு போன் பண்ணக் கூடாதா? குந்துங்க, குந்துங்க." தோளில் கிடந்த துண்டால் மேசையைத் துடைத்தார். ஐம்பதைத் தாண்டியவர், நான் வந்ததும் பழைய நினைப்பில் விறைப்பாக நின்றார். இரண்டு இட்லியும் ஒரு வடையும் வைத்தார். விலை முப்பது ரூபாய், அதை அவர் கடைசிவரை வாங்கவில்லை.

வந்த காரியத்தைச் சொன்னேன். படிவத்தைக் கொடுத்தேன். வாங்கி எண்ணெய் படாமல் தள்ளி வைத்தார்.

"உங்களுக்கு இன்னா மேடம் கொற? நல்லாத்தான் நடத்துனீங்க. டைமுக்கு சம்பளம், தீபாவளிக்கு ஸ்வீட்டு. எங்க போனாலும் உங்களப் பத்தி நல்லாத்தான் சொல்லிக்கினு கீறேன்."

பதினைந்தாவது படிவமும் அதே கையெழுத்துதான் என்று நினைத்துக்கொண்டேன். எண்பது கிலோமீட்டர் சுற்றி வந்தும் நான் எல்லோருக்கும் மேடமாகவே இருந்தேன்.

அப்போது பக்கத்து மேசையில் இருந்த ஆந்திர லாரி டிரைவர் குரல் கொடுத்தார். "நைனா, சட்னில உப்பே இல்ல!"

ஏழுமலை சட்னிப் பாத்திரத்தை எடுத்தார். உப்பைப் போட்டார், கலக்கினார், டிரைவருக்குப் புதிதாக ஊற்றினார். தோசைக்கல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் மனைவி அடுத்த தோசையை ஊற்றினார்.

நான் விளையாட்டாகத்தான் கேட்டேன். "சட்னி அரைச்சது அவங்கதானே? அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையே?"

"அவ காதுலதான் வுழுந்துச்சே மேடம். அதுக்கு மேல நான் இன்னாத்த சொல்றது?"

சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, என்னிடம் வேலை பார்த்த ஆறு வருடத்தில் முதல்முறையாக, என் எதிரே உட்கார்ந்தார்.

"நெலமெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். கால் காணி நெலம், அதுக்குப் போயி யாராச்சும் வேலய வுடுவாங்களா? அந்த ஆறேகால் மீட்டிங்குதான். எம் பொண்ணக் கட்டிக் குடுத்த ஊட்லேர்ந்து மாப்ளயோட தம்பி ட்ரெயினியா வந்து சேந்தான். நான்தான் சேத்து வுட்டேன். எங்க லைன்ல எல்லாம் நம்ம கையிலன்னு சம்மந்தியாண்ட பெருமையா சொல்லி வெச்சிருந்தேன். அவன் வந்த ரெண்டாம் நாளு, நான் கொழாயப் புடிச்சிக்கினு முன்னால வந்து நின்னேன். அவன் மூணாவது ஆளா நின்னுக்கினு பாத்துக்கினு இருந்தான்."

"எனக்குத் தெரியாதே ஏழுமலை."

"தெரியாது மேடம். எனக்கு வாயே வர்ல. மெதுவா சொன்னேன். நீங்க பின்னால நின்னுக்கினு, 'கேக்கல, சத்தமா சொல்லுங்க'ன்னீங்க. ரெண்டாவது தபா சத்தமா சொன்னேன். சாயங்காலமே சம்மந்தி ஊட்ல தெரிஞ்சி போச்சி. எம் பொண்ணு ஒரு வாரம் எனக்குப் போன் பண்ல."

நினைவைத் துழாவிப் பார்த்தேன். அந்தக் காலை என்னிடம் இல்லவே இல்லை. அவருக்கு என் குரல்கூட நினைவிருந்தது. எனக்கு அவர் கொண்டுவந்து பிடித்த குழாய்கூட நினைவில்லை. 'சத்தமாகச் சொல்லுங்கள்' என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்? அன்றாடம் சொல்லியிருப்பேன், தொண்டையைக் கனைப்பதுபோல.

"மன்னிச்சுக்கோங்க" என்றேன். மெல்லத்தான் வந்தது.

"அத்த வுடுங்க மேடம், ஆறிப் போன சங்கதி." எழுந்துகொண்டார். ஏதோ நினைத்துத் திரும்பினார். "அந்த மீட்டிங்கு இப்பவும் நடக்குதா?"

நடக்கிறது என்றேன். படிவத்தில் தன் பெயரை மட்டும் எழுதி, மற்றதையெல்லாம் காலியாக விட்டு என்னிடம் கொடுத்தார். அவர் மனைவி இரண்டு வடையைப் பொட்டலம் கட்டி என் கையில் வைத்தார்.

பதினொன்று நாற்பதுக்குத் திரும்பும் வண்டி. கவரைப்பேட்டை ஸ்டேஷனில் ஏழுமலை வண்டி கிளம்பும்வரை நின்றார். நான் வரச் சொல்லவில்லை. என்னோடு பிளாட்பாரம் வரை ஒருவர் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. பேசின் பிரிட்ஜ் வரும்முன் கட்டுரையின் இரண்டாம் பக்கத்தைக் கிழித்து, அதன் பின்புறத்திலேயே அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். பேராசிரியைக்கு இது போதும். எனக்குத்தான் வேலை மிச்சமிருந்தது. திங்கட்கிழமை ஆறேகாலுக்கு அந்த வரிசையின் முன்னால் கடைசியாக ஒருவர் வந்து நிற்க வேண்டும், அது நான்தான். அதன்பின் அந்த வழக்கம் வேண்டாம்.

இரண்டரை மணிக்குத் திருவள்ளூர் வீட்டைத் திறந்தேன். ஏழுமலை கடையில் தகரக் கூரையின் கீழ் நான்கு மேசைக்கும் ஆள் இருந்தது. என் வீட்டில் ஆறு நாற்காலிகள், ஐந்தில் துணி மடித்து வைத்திருக்கிறேன். வடைப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுக் கூடத்தின் நடுவில் போய் நின்றேன். ஒத்திகை பார்த்துவிடலாம் என்றுதான். கையில் அந்தப் படிவத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இது என் தவறு" என்றேன்.

கேட்பதற்கு ஒருவரும் இல்லாத வீட்டிலும் எனக்குச் சத்தமாகச் சொல்ல வரவில்லை.